பைப்புக்கும் வேண்டும் கவை... கொட்டகையைக் காப்பாற்றும் வளைவு வெட்டு!

பைப்பைத் தட்டிப் பார்த்து, கனம் பார்த்து வாங்குகிறோம். ஆனால், இரண்டு பைப்புகள் சேரும் இடத்தைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஆடிக்காற்று முதலில் சோதிப்பது அந்த இடத்தைத்தான்.

கூரைக் கொட்டகை போட்ட காலத்தில், கால் நடுவதற்கு மரம் தேடினால் முதலில் பார்ப்பது உச்சியில் கவை இருக்கிறதா என்பதைத்தான். கிளை பிரியும் இடத்தில் வெட்டியெடுத்த கவையில் உத்திரம் உட்கார்ந்துவிட்டால், கட்டிய கயிறு தளர்ந்தாலும் உத்திரம் உருளாது. கவை இல்லாத மரமாக இருந்தால், தச்சர் அதன் தலையை உளியால் குடைந்து, உத்திரம் பொருந்தி உட்காரும்படி வளைவு எடுப்பார். உருண்டை மேல் தட்டை நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

இன்று மாட்டுக்கொட்டகை, ஆட்டுப்பட்டி, கோழிப்பண்ணை, கேட், பந்தல் எல்லாம் இரும்புப் பைப்புக்கு மாறிவிட்டன. ஆனால், தச்சருக்குத் தெரிந்த அந்தக் கவை மட்டும் பல இடங்களில் காணாமல் போய்விட்டது. பைப்பை நேராக அறுத்து, இன்னொரு பைப்பின் மேல் ஒட்டவைத்து வெல்டிங் அடிக்கிறார்கள்.

“தம்பி, இங்க விரல் நுழையுற அளவுக்குச் சந்து இருக்கே?”

“ராடு ஓட்டுனா அடைஞ்சிரும்ணே.”

பல ஊர்களில் கேட்கக்கூடிய உரையாடல்தான் இது. சந்து அடைந்துவிடும் என்பது உண்மைதான். பலம் வந்துவிடுமா என்பதுதான் கேள்வி.

சந்து எங்கிருந்து வருகிறது?

ஒன்றரை இன்ச் பைப்பை நேராக அறுத்து, அதே அளவுள்ள இன்னொரு பைப்பின் மேல் செங்குத்தாக வைத்துப் பாருங்கள். இரண்டே இடங்களில்தான் அது தொடும். இரண்டு பக்கவாட்டிலும் பைப்பின் வளைவு கீழே இறங்கிவிடுவதால், வெளி விளிம்பில் சுமார் 24 மி.மீ. இடைவெளி இருக்கும். கிட்டத்தட்ட ஓர் இன்ச். சுற்றளவில் பெரும்பகுதி அந்தரத்தில் நிற்கும்.

பைப்பின் நுனியை, அது உட்காரப்போகும் பைப்பின் வளைவுக்குத் தக்கபடி குடைந்து வெட்டினால் இந்தச் சந்து மறைந்துவிடும். வெட்டிய நுனி வாய் திறந்த மீன் போல இருப்பதால், பட்டறைகளில் இதை ‘ஃபிஷ் மவுத்’ என்றும் ‘நாட்ச்’ என்றும் சொல்வார்கள். இரும்பில் எடுக்கும் கவைதான் இது.

அடைத்தால் என்ன கெடுதல்?

முதல் கெடுதல், பைப் ஓட்டையாவது. கொட்டகைக்கு வாங்கும் டியூப்கள் பல 14 கேஜ், 16 கேஜ் கனத்தில் இருக்கும். அதாவது 2 மி.மீ., 1.6 மி.மீ. பெரிய சந்தை நிரப்ப ஒரே இடத்தில் ராடை நிறுத்தினால், மெல்லிய சுவர் உருகி விழுந்துவிடும். அந்த ஓட்டையை மூட இன்னும் இரும்பை ஊற்றுவார்கள். மேலே கட்டி கட்டியாகத் தெரியும். உள்ளே பிடிப்பு இருக்காது.

இரண்டாவது, இழுப்பு. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். எவ்வளவு அதிகம் ஊற்றுகிறோமோ அவ்வளவு அதிகம் இழுக்கும். நேராக நிறுத்திய கால் சாய்வதற்கும், கேட் கோணிக்கொள்வதற்கும் இது முக்கியக் காரணம்.

மூன்றாவது, துரு. முழுதாக மூடாத இணைப்பின் வழியாக மழைநீர் பைப்புக்குள் இறங்கும். மாட்டுக்கொட்டகையில் கோமிய ஈரமும் கழுவும் தண்ணீரும் சேரும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும்.

நான்காவதுதான் ஆபத்தானது. காற்று கூரையின் மேல் வேகமாகப் போகும்போது, ஷீட்டை மேல்நோக்கித் தூக்கும். அந்த விசை ஷீட்டிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து காலுக்கும் இணைப்புகள் வழியாகத்தான் இறங்கவேண்டும். சுற்றளவு முழுவதும் பிடித்திருந்தால் விசை பரவும். இரண்டு இடங்களில் மட்டும் பிடித்திருந்தால் அங்கேயே குவியும். ஒவ்வோர் ஆண்டும் ஆடிக்காற்றில் முன்னும் பின்னும் ஆடி, வெல்டிங் ஓரத்தில் மயிரிழைபோல விரிசல் விழும். அது வளர்ந்து ஒருநாள் பிரியும்போது, கீழே கட்டியிருப்பது கறவை மாடாக இருக்கலாம்.

வெளி விட்டத்தைத்தான் அளக்கவேண்டும்!

வளைவு வெட்டுக்குப் பைப்பின் வெளி விட்டம் தெரியவேண்டும். கடையில் சொல்லும் இன்ச் கணக்கு வெளி விட்டம் அல்ல. தண்ணீர்க் குழாயாக வரும் ஜி.ஐ. பைப்பில், 1 இன்ச் பைப்பின் வெளி விட்டம் 33.7 மி.மீ.; ஒன்றரை இன்ச் என்பது 48.3 மி.மீ.; 2 இன்ச் என்பது 60.3 மி.மீ.

ஐ.எஸ். 1239 தரப் பைப்பாக இருந்தால் அதில் வண்ணப் பட்டை இருக்கும். மஞ்சள் பட்டை லைட், நீலப் பட்டை மீடியம், சிவப்புப் பட்டை ஹெவி. ஒன்றரை இன்ச் மீடியம் பைப்பின் கனம் 3.2 மி.மீ. மற்ற டியூப்களின் அளவு மாறுபடும் என்பதால், வெர்னியரால் அளந்துகொள்வது நல்லது. வெர்னியர் இல்லாவிட்டால், காகிதத்தைப் பைப்பைச் சுற்றி வைத்து, சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும்.

நீளத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு கால்களுக்கு நடுவே, அதே அளவுள்ள குறுக்குப் பைப் போடுவதாக இருந்தால், கால்களின் உள்முகத்துக்கு உள்முகம் அளந்து அறுக்கக்கூடாது. ஒரு காலின் மையத்திலிருந்து அடுத்த காலின் மையம் வரை உள்ள நீளத்துக்கு அறுக்கவேண்டும். வாய் வெட்டிய பிறகு, இரண்டு பக்கக் காதுகளும் காலை அணைத்துக்கொள்ளும். உள்முக அளவுக்கு அறுத்துவிட்டால், பிறகு வளைவு வெட்ட இரும்பே இருக்காது.

காகித அச்சு... செலவில்லாத கருவி!

ஒன்றரை இன்ச் பைப், அதே அளவுள்ள பைப்பில் செங்குத்தாகச் சேர்வதற்கான அச்சு இது.

1. தடித்த காகிதத்தில் 152 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டவேண்டும். பைப்பைச் சுற்றினால் இரண்டு முனைகளும் சரியாகத் தொடவேண்டும்.

2. நீளவாட்டில் பாதியாக மடித்து, மறுபடியும் பாதியாக மடித்தால் 4 பாகம். ஒவ்வொரு பாகத்தையும் மூன்றாக மடித்தால் 12 பாகம். இரண்டு ஓரங்களையும் சேர்த்து 13 கோடுகள் கிடைக்கும்.

3. மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, ஒவ்வொரு கோட்டிலும் வரிசையாக இந்த மி.மீ. அளவுகளைப் புள்ளி வைக்கவேண்டும்: 24, 21, 12, 0, 12, 21, 24, 21, 12, 0, 12, 21, 24.

4. புள்ளிகளை வளைவாக இணைத்து, கத்தரியால் வெட்டவேண்டும். பூஜ்ஜியம் வரும் இரண்டு இடங்கள்தான் காதுகள். 24 வரும் இடங்கள்தான் தொண்டை.

5. காதின் உச்சி பைப்பின் நுனியோடு சேரும்படி அச்சைச் சுற்றி, சாக்பீஸாலோ மார்க்கராலோ கோடு போட்டுக்கொள்ளவேண்டும். கோட்டுக்கு வெளியே உள்ள இரும்பு வெட்டுப்படவேண்டியது.

2 இன்ச் பைப், 2 இன்ச் பைப்பில் சேர்வதாக இருந்தால், காகித நீளம் 189 மி.மீ.; 24, 21, 12, 0 என்பதற்குப் பதிலாக 30, 26, 15, 0. ஒன்றரை இன்ச் பைப், 2 இன்ச் பைப்பின் மேல் உட்காருவதாக இருந்தால் 12, 9.5, 3.5, 0. ஓர் இன்ச் பைப், 2 இன்ச் பைப்பின் மேல் என்றால் காகித நீளம் 106 மி.மீ.; அளவுகள் 5, 4, 1.5, 0. சிறிய பைப் பெரிய பைப்பில் சேரும்போது வளைவு குறைந்துகொண்டே போவதை இதில் பார்க்கலாம்.

கால் மூலையில் 45 டிகிரி சாய்வில் முட்டுக் கொடுப்பதற்கும் அச்சு போடலாம். ஒன்றரை இன்ச்சுக்கு ஒன்றரை இன்ச் என்றால், 13 கோடுகளிலும் 58, 50.5, 29, 0, 5, 8.5, 10, 8.5, 5, 0, 29, 50.5, 58 என்று புள்ளி வைக்கவேண்டும். 58 வரும் பக்கம், குறுகிய கோணம் உள்ள பக்கமாக இருக்கவேண்டும்.

இரண்டு நுனிகளிலும் வாய் வெட்டும்போது, காதுகள் ஒரே வரிசையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் பொருந்தும், மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும். ஒரு துண்டு ஆங்கிளைப் பைப்பின் மேல் கவிழ்த்து வைத்தால், அது தானாகவே நேராகப் படிந்துகொள்ளும். அதன் ஓரத்தில் நுனி முதல் நுனி வரை ஒரு கோடு இழுத்து, இரண்டு பக்க அச்சுகளையும் அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கினால் போதும்.

எதைக் கொண்டு வெட்டலாம்?

கிரைண்டர்: 4 இன்ச் கிரைண்டரும் மெல்லிய கட்டிங் வீலும் போதும். வளைவை ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல், சின்னச் சின்ன நேர்வெட்டுகளாகக் கோட்டுக்கு வெளியே வெட்டி, மிச்சத்தை கிரைண்டிங் வீல் அல்லது ஃபிளாப் வீல் கொண்டு தேய்க்கவேண்டும். கடைசிப் பொருத்தத்துக்கு அரைவட்ட அரம் நல்லது.

கட்-ஆஃப் மெஷின்: இரண்டும் ஒரே அளவுப் பைப்பாக இருந்து, செங்குத்தாகச் சேர்வதாக இருந்தால், அச்சே தேவையில்லை. வைஸை 45 டிகிரிக்குத் திருப்பி ஒரு வெட்டு. பைப்பை அரைச்சுற்று திருப்பி இன்னொரு வெட்டு. இரண்டு வெட்டுகளும் பைப்பின் நடுக்கோட்டில் சந்திக்கவேண்டும். கூர்முனை போலத் தெரியும் அந்த நுனியைப் பக்கவாட்டில் பார்த்தால், அதுவே மீன்வாய். ஒரே அளவுள்ள இரண்டு உருளைகள் செங்குத்தாகச் சேரும் கோடு, இரண்டு நேர்வெட்டுகளுக்குள் அடங்கிவிடும் என்பதுதான் இதன் கணக்கு.

ஹோல் சா: இணைப்புகள் நிறைய இருந்தால் இது வேகமானது. வட்ட ரம்பத்தை டிரில்லிங் மெஷினில் மாட்டி, பைப்பை வைஸில் இறுக்கி வெட்டவேண்டும். இங்கே பலரும் செய்யும் தவறு, வெட்டப்படும் பைப்பின் அளவுக்கு ரம்பம் வாங்குவது. அது எந்தப் பைப்பின் மேல் உட்காரப்போகிறதோ, அந்தப் பைப்பின் வெளி விட்டத்துக்குத்தான் ரம்பம் வாங்கவேண்டும். 48.3-க்கு 48 மி.மீ.; 60.3-க்கு 60 மி.மீ. வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு வெட்டினால் பல் நிற்கும். ஒரே அளவுப் பைப்பாக இருந்தால், நீளமான பைப்பின் நடுவே ஒரு வெட்டு வெட்டும்போது, இரண்டு துண்டுகளுக்கும் வாய் கிடைத்துவிடும். கையில் பிடிக்கும் டிரில்லரில் பெரிய ஹோல் சா மாட்டினால், சிக்கும்போது மணிக்கட்டைத் திருகிவிடும், அதைத் தவிர்க்கவேண்டும்.

பெரிய பட்டறைகளில், ஒரே அழுத்தில் வாயைக் கத்தரித்து எடுக்கும் பிரஸ், பெல்ட் ஓட்டித் தேய்க்கும் மெஷின் ஆகியவையும் உண்டு. கம்ப்யூட்டரில் அளவைக் கொடுத்தால், லேசரால் வெட்டித் தரும் மெஷின்களும் வந்துவிட்டன. ஒரு கொட்டகைக்கு இவை தேவையில்லை. பண்ணை அளவில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் வரும்போது விசாரிக்கலாம்.

எதைக் கொண்டு வெட்டினாலும், கடைசியில் ஒரு வேலை பாக்கி இருக்கும். காதுகளின் உள்பக்க விளிம்பைச் சாய்வாகத் தேய்த்துவிடவேண்டும். பைப்புக்குக் கனம் இருப்பதால், அந்த உள்விளிம்பு முதலில் முட்டிக்கொண்டு, வெளிவிளிம்பை உட்காரவிடாது.

உட்காரவைத்து, பிறகு வெல்டிங்!

வெல்டிங் அடிப்பதற்கு முன், பைப்பைக் கையால் பிடித்து வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கலாம். வெளிச்சம் தெரியும் இடம்தான் சந்து. சுற்றிலும் 1.5 மி.மீட்டருக்குள் இருந்தால் நல்ல பொருத்தம். அதற்கு மேல் இருந்தால் இன்னும் கொஞ்சம் தேய்க்கவேண்டும்.

மூலமட்டம் வைத்துச் சரிபார்த்து, எதிரெதிராக நான்கு இடங்களில் டேக் அடித்து, மறுபடியும் மட்டம் பார்க்கவேண்டும். முழு வெல்டிங்கையும் ஒரே பக்கமாகச் சுற்றி வராமல், எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி அடித்தால் இழுப்பு குறையும். மெல்லிய பைப்புக்கு 2.5 மி.மீ. 6013 ராடு ஏற்றது. சுமார் 60 முதல் 90 ஆம்பியருக்குள் வைத்துக்கொள்ளலாம். சுற்றளவு முழுவதும் மூடவேண்டும். கூரைக்கு மறைவான மேல்பக்கத்தை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் இறங்குவது அந்த வழியாகத்தான்.

கண்ணும் மூச்சும் முக்கியம்!

கட்டிங் வீலில் அச்சிட்டிருக்கும் வேகம், கிரைண்டரின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். காலாவதித் தேதியையும் பார்க்கவேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டக்கூடாது. மெல்லிய கட்டிங் வீலின் பக்கவாட்டால் தேய்த்தால் அது உடைந்து தெறிக்கும். கண்ணாடி போடாமல் வேலை செய்யக்கூடாது. ஈரத் தரையில் கிரைண்டர் ஓட்டும் இணைப்பில் ஈ.எல்.சி.பி. இருப்பது உயிரைக் காக்கும். தீப்பொறி பல அடி தூரம் போகும் என்பதால், வைக்கோல் போரையும் மாடுகளையும் முன்கூட்டியே அப்புறப்படுத்தவேண்டும்.

ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல்பூச்சாக இருக்கும் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதோ சுமார் 1,500 டிகிரியில். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால், சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலும் உடல்வலியும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை உண்டு. பால் புகையைத் தடுக்காது. வெல்டிங் வரும் இடத்தைச் சுற்றி ஓர் இன்ச்சுக்குக் குறையாமல் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான வெளியில், காற்று வரும் திசையில் நின்று அடிப்பதுதான் பாதுகாப்பு. முடிந்ததும் துத்தநாகம் கலந்த பெயின்ட் அடிக்காவிட்டால், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

பட்டறைக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க...

வேலையைப் பேசும்போதே, ‘எல்லா இணைப்புக்கும் வாய் வெட்டிச் சேர்க்கவேண்டும்’ என்று சொல்லிவிடவேண்டும். இது கூடுதல் நேரம் பிடிக்கும் வேலை. கூலியில் வித்தியாசம் கேட்டால் நியாயம்தான். முதல் இணைப்பை வெல்டிங் அடிக்கும் முன்பே பார்த்துவிடவேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன், கசடைத் தட்டிவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் சுற்றிப் பார்க்கவேண்டும். பெயின்டுக்குப் பிறகு நல்ல வேலையும் கெட்ட வேலையும் ஒரே நிறத்தில்தான் இருக்கும்.

வாசகர்கள் கேட்டவை...

கேள்வி: இந்த வேலை எதுவும் இல்லாமல் கொட்டகை போட வழியே இல்லையா?

இருக்கிறது. கால், உத்திரம் இரண்டையும் சதுர டியூபில் போட்டால், தட்டையான முகத்தில் நேர்வெட்டே பொருந்திவிடும். வளைவு தேவைப்படுவது, உருண்டைப் பைப் இன்னோர் உருண்டைப் பைப்பின் மேல் உட்காரும்போதுதான். கையில் ஏற்கெனவே உருண்டைப் பைப் இருப்பவர்களுக்கும், மாடு உரசும் இடத்தில் கூர்மூலை வேண்டாம் என்பவர்களுக்கும் வாய் வெட்டுவது நல்லது.

கேள்வி: பைப்பின் நுனியைச் சுத்தியலால் நசுக்கித் தட்டையாக்கி, போல்ட் போடுகிறார்களே?

பந்தல், கொடிக்கம்பி போன்ற லேசான வேலைக்குப் பரவாயில்லை. நசுங்கி மடியும் இடத்தில் பைப் பலவீனமாகிவிடும், ஜி.ஐ. பூச்சும் வெடிக்கும். கூரையைத் தாங்கும் பைப்புக்கு இது சரிப்படாது.

கேள்வி: நிழல்வலைக் குடிலுக்கும் வெல்டிங் செய்யலாமா?

வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு போய்விடும். குடிலுக்குள் எப்போதும் ஈரம் இருக்கும். அதனால், கிளாம்ப் மற்றும் நட்டு, போல்ட் கொண்டு இணைப்பதே நல்லது. பின்னால் பிரித்து இடம் மாற்றவும் வசதி.

கேள்வி: கொட்டகை போட்டு மூன்று வருஷம் ஆகிறது. நேர்வெட்டு வைத்துத்தான் அடித்திருக்கிறார்கள். இப்போது என்ன செய்வது?

காற்றுக்காலம் தொடங்கும் முன், ஒவ்வோர் இணைப்பிலும் பெயின்டைச் சுரண்டி, வெல்டிங் ஓரத்தில் விரிசலோ துருக்கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால், அதன் மேலேயே இன்னொரு ராடு ஓட்டுவதில் பயனில்லை. மாடுகளை வெளியேற்றி, கூரைக்கு அடியில் முட்டுக் கொடுத்த பிறகு, விரிசலை அடிவரை தேய்த்தெடுத்து மறுபடியும் வெல்டிங் அடிக்கவேண்டும். கூடவே மூலையின் இரண்டு பக்கமும் 4 அல்லது 5 மி.மீ. கனமுள்ள முக்கோணத் தகடு வைத்து வெல்டிங் அடித்தால், விசை பரவ வழி கிடைக்கும். காலுக்கும் உத்திரத்துக்கும் நடுவே, மேலே சொன்ன 45 டிகிரி அச்சுப்படி ஒரு முட்டும் கொடுத்தால் ஆட்டம் பெருமளவு குறையும். விரிசல் இல்லாத இணைப்புகளுக்கு, தகடும் பெயின்டும் போதும். அடுத்த வருஷமும் ஆடிக்கு முன்னால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள்.